குழந்தைகளின் பல்லும் பெரியவர்களின் புத்தியும்

குழந்தைகள் தூக்கத்தில் பல்லை நறநறவென்று கடிப்பது புதிய சங்கதியல்ல. ஆனால் 2020-ம் வருஷம் கொரோனா தொற்று பரவிய பிறகு, தங்களிடம் வருகிறவர்களில் பல் கடிப்பவர்கள் அதிகமாகியிருப்பதாக அமெரிக்கா முதலிய நாடுகளின் பல் வைத்தியர்கள் சொன்னார்கள், காரணத்தையும் ஆராய்ந்தார்கள். நம்மவர்களோ ஆராய வேண்டிய சிரமமே இல்லாமல் காரணத்தைத் தயாராக வைத்திருக்கிறார்கள். வயிற்றில் பூச்சி என்பார் ஒருவர். திருஷ்டி என்பார் மற்றொருவர். இரவில் எதையோ கண்டு பயந்திருக்கிறது, மந்திரித்துத் தாயத்துக் கட்டு என்பார் இன்னொருவர். குழந்தை பல்லைக் கடித்தால் குடும்பத்துக்கே ஆகாது என்று சொல்லி, அதன் தலையில் பழியையும் சுமத்துவார்கள் சிலர்.

பூச்சி மருந்து கொடுப்பதை நாம் குறை கூறவில்லை. பூச்சி இருந்தால் கொடுக்க வேண்டியதுதான். ஆனால் பல் கடிப்பதற்குப் பூச்சிதான் காரணம் என்பதற்குச் சரியான ருஜு கிடையாது. தூக்கம் இடையிடையே கலைவது, மனதிலுள்ள கவலை, தொண்டைச் சதை வீங்கி மூச்சு தடைப்படுவது முதலியவற்றோடு இதற்குச் சம்பந்தமுண்டு என்பதே வைத்திய சாஸ்திரம் கண்டது.

இதை வைத்துக்கொண்டு அந்த நாட்களை யோசித்துப் பாருங்கள். நம் தமிழ்நாட்டில் 1 முதல் 8-ம் வகுப்பு வரையிலுள்ள பிள்ளைகளுக்கு, 2020 மார்ச்சில் மூடிய பள்ளிக்கூடம் 2021 நவம்பர் 1-ந் தேதிதான் திறந்தது. 19 மாதங்களுக்கு மேல் ஓட்டமில்லை, விளையாட்டில்லை, தோழர்களில்லை. வசதியுள்ள வீட்டுப் பிள்ளை நடுநிசி வரை செல்போனைப் பார்த்துப் பகலில் தூங்கிற்று. கூலிக்காரன் பிள்ளையோ, தகப்பனுக்கு வேலை போனதையும், அடுத்த வேளைச் சோற்றுக்குத் தாய் கலங்கியதையும் ஒற்றை அறையில் படுத்தபடி கேட்டுக்கொண்டிருந்தது. சாவுச் செய்தியோ எல்லா வீட்டிலும். இவ்வளவும் உள்ளே புகுந்த பிள்ளை ராத்திரியில் பல்லைக் கடித்தால், அதற்குப் பேய் எதற்கு? திருஷ்டி எதற்கு?

“தாயத்துக் கட்டிய பிறகு நின்றுவிட்டதே!” என்பார்கள். பெரும்பாலான குழந்தைகளுக்குப் பாற்பல் விழுந்து நிலைப்பல் முளைத்து வரும் காலத்தில் இப்பழக்கம் தானே குறைந்து போகிறது. தானாக நிற்பதற்குத் தாயத்துக்காரன் கூலி வாங்கிக்கொள்ளுகிறான் என்பதல்லாமல் இதில் வேறென்ன அற்புதம் இருக்கிறது? தானாக நிற்காமல் நீடிக்கும் பிள்ளைகளின் கதிதான் பரிதாபமானது. நிலைப்பல்லின் எனாமல் தேய்ந்துவிட்டால் மறுபடி வளராது. தாயத்தை நம்பிக் கழித்த காலத்தில் தேய்ந்த பல்லை எந்த மந்திரவாதி திருப்பிக் கொடுப்பான்?

தூக்கத்தில் கடிக்கும் பிள்ளைக்குத் தான் கடிப்பதே தெரியாது. ஆகவே அதை அதட்டுவதும் அடிப்பதும் அறிவீனம். கவலை அதிகமாவதுதான் மிச்சம். 6 முதல் 12 வயதுள்ள பிள்ளைக்கு நாளொன்றுக்கு 9 முதல் 12 மணி நேரத் தூக்கம் வேண்டும். தினமும் ஒரே நேரத்தில் படுக்க வையுங்கள். படுப்பதற்கு ஒரு மணிக்கு முன்பே செல்போனை அப்புறப்படுத்துங்கள். பெற்றோர்களும் அப்படியே செய்யுங்கள். மாலையில் ஓடி விளையாட விடுங்கள். காலையில் தாடை வலி, தலைவலி என்று சொன்னாலும், பல் தேய்ந்திருந்தாலும், குறட்டை விட்டாலும் வைத்தியரிடம் காட்டுங்கள். எல்லாவற்றிற்கும் மேலாக, “உனக்கு என்ன பயம்?” என்று அன்போடு பக்கத்தில் உட்கார்ந்து கேளுங்கள்.

கொரோனாவைப் பற்றிய உலக அவசர நிலை 2023 மே மாதத்தோடு முடிந்துவிட்டது. ஆனால் அக்காலத்தில் கெட்ட தூக்கமும், கைக்கு வந்த செல்போனும் பல வீடுகளில் இன்னும் முடியவில்லை. கயிறு கட்டுவதற்கு ஒரு நிமிஷம் போதும். பிள்ளையின் மனதை அறிவதற்குத் தினம் சிறிது பொழுது வேண்டும். அந்தப் பொழுதைக் கொடுக்க மனமில்லாததாலேயே நம் மக்கள் கயிற்றைத் தேடுகிறார்களோ என்று சந்தேகிக்க வேண்டியிருக்கிறது. பெற்றோர்கள் யோசிப்பார்களாக.