வீடு நெருங்கும் நேரம்

சாரல் காலம் முடியுமுன் ஒருமுறை குற்றாலம் போய்வர வேண்டும் என்பது எங்கள் வீட்டில் மூன்று ஆண்டுகளாகப் பேசப்பட்ட பேச்சு. சென்ற ஆகஸ்டில் அது கைகூடியது. காரில் ஐந்து பேர்: நாங்கள் இருவர், பதின்மூன்று வயது மகள், ஒன்பது வயது மகன், எழுபத்து நான்கு வயது மாமனார். போன வழியைப் பற்றிச் சொல்ல ஒன்றுமில்லை, இனிமையாகவே கழிந்தது. எழுதத் தூண்டியது சென்னைக்குத் திரும்பி வந்த இரவு.

காலை 6 மணிக்குப் புறப்படுவதாகத் தீர்மானித்து, 5 மணிக்கே எழுந்துவிட்டோம். ஐந்தருவியில் கடைசியாக ஒரு குளியல் என்று பிள்ளைகள் பிடிவாதம் பிடிக்க, புறப்படும்போது மணி 11. ஸ்ரீவில்லிபுத்தூரில் பால்கோவா வாங்க நின்றோம். திருமங்கலத்தை நெருங்கும்போது பின்சக்கரம் பஞ்சரானது. ஸ்டெப்னியிலும் காற்று இல்லை. ஒன்றேகால் மணி நேரம் அங்கேயே போயிற்று. அதை முன்கூட்டியே பார்த்திருக்க வேண்டியவர் யார் என்ற விவாதம் மேலூர் வரை நீடித்தது. அதன்பின் துவரங்குறிச்சி வரை யாரும் யாருடனும் பேசவில்லை. மகன் கேட்ட ஒரு மொக்கை விடுகதைதான் எல்லோரையும் மீண்டும் சிரிக்க வைத்தது.

திருச்சியைத் தாண்டியதும் மாமனார் வழக்கம்போல் சர்க்கரை மாத்திரையைப் போட்டுக்கொண்டார். சாப்பாட்டுக்குப் பெரம்பலூரில் நிற்பதாகப் பேச்சு. பெரம்பலூர் வந்தபோது, ‘இன்னும் கொஞ்சம் போய்விடலாமே’ என்று தோன்றிற்று. தொழுதூர் அருகே அவருக்கு வியர்த்துக் கொட்டியது, கை நடுங்கியது, கேட்டதற்குத் தொடர்பில்லாத விடை வந்தது. குளூக்கோமீட்டர் 58 காட்டியது. மூன்று தேக்கரண்டிச் சர்க்கரையைத் தண்ணீரில் கரைத்துக் கொடுத்து, கால்மணி நேரம் கழித்து மறுபடி சோதித்து, பிறகு இட்லி சாப்பிட வைத்தோம். தேறிவிட்டார். மாத்திரையும் சாப்பாடும் பிரியக் கூடாது என்று புறநோயாளிப் பிரிவில் நாள்தோறும் சொல்லும் வாய் எங்களுடையது. வாசகர்களுக்குச் சிரிப்பு வந்தால் சிரித்துக்கொள்ளலாம்.

திண்டிவனத்துக்கு வந்தபோது நள்ளிரவு. இங்கேயே ஓர் அறை எடுத்துத் தங்கலாமா என்ற கேள்வி எழுந்தது. “இன்னும் இரண்டு மணி நேரம்தானே, வீட்டுக்கே போய்ப் படுத்துக்கொள்ளலாம்” என்று ஓட்டுபவர் சொன்னார். ஓட்டியவர் மருத்துவர், யாரென்று ஊகிப்பது கடினமன்று. மேல்மருவத்தூருக்கும் மதுராந்தகத்துக்கும் இடையே சாலையின் சில நூறு மீட்டர் எங்கள் நினைவில் இல்லை. நினைவில் இருப்பது, “அப்பா! லாரி!” என்ற மகளின் அலறல். விளக்கில்லாமல் ஓரமாக நின்றிருந்த லாரியின் பின்புறம், முன்கண்ணாடி முழுவதையும் அடைத்திருந்தது. வண்டியைத் திருப்பி, வெளிச்சமிருந்த ஒரு பெட்ரோல் பங்கில் கொண்டுபோய் நிறுத்தினோம். ஒருவருக்கும் கீறல்கூட இல்லை. விடியும் வரை அங்கேயே தூங்கினோம்.

விழித்து 17 மணி நேரமான ஒருவரின் கவனமும் கைவேகமும், இரத்தத்தில் 0.05 விழுக்காடு ஆல்கஹால் உள்ளவருடையதைப் போல் தளர்ந்திருக்கும் என்று ஆய்வுகள் காட்டியுள்ளன. நம் சட்டம் அனுமதிக்கும் அளவே 0.03 விழுக்காடுதான். அன்றிரவு எங்களுக்கு அது இருபதாவது மணி நேரம். குடித்துவிட்டு ஓட்டுபவரைக் கண்டால் சினம் கொள்ளும் நாம், தூங்காமல் ஓட்டுபவரைப் ‘பொறுப்பான மனிதர், ஒரே மூச்சில் கொண்டுவந்து சேர்த்துவிட்டார்’ என்று மெச்சுகிறோம். மணிக்கு 90 கிலோமீட்டர் வேகத்தில் நான்கு நொடி கண் செருகினால் வண்டி 100 மீட்டர் தானாக ஓடியிருக்கும். சன்னலைத் திறப்பதும் பாட்டை உரக்க வைப்பதும் அதைத் தடுக்கா. காபி உதவும், ஆனால் வேலை செய்ய அரைமணி நேரமாகும். ஆகவே காபியைக் குடித்துவிட்டு வண்டியை நிறுத்தி இருபது நிமிடம் தூங்குவதே சரி. வீடு நெருங்க நெருங்க இதையெல்லாம் செய்ய மனம் வருவதில்லை. மனம் முன்னதாகவே வீட்டுக்குப் போய்ச் செருப்பைக் கழற்றிவிடுகிறது. உடல்தான் இன்னும் சாலையில் இருக்கிறது.

இந்த மடலில் இதை எழுதக் காரணம் எங்கள் சுற்றுலா அன்று. எங்கள் பிரிவில் சிகிச்சை முடிந்து வீடு திரும்புவோருள் பலர் தொலைதூர மாவட்டத்தவர். காலையில் வீட்டுக்குப் போகலாம் என்கிறோம். மருந்துச்சீட்டு, காப்பீட்டு ஒப்புதல், கணக்கு முடிப்பு எல்லாம் முடியும்போது இரவு 8 மணி. அப்பொழுதே வாடகைக் காரில் ஊருக்குப் புறப்படுகிறார்கள். அந்த ஓட்டுநர் முந்தைய இரவு ஊரிலிருந்து ஓட்டி வந்தவர். பகல் முழுவதும் வெயிலில், வண்டி நிறுத்துமிடத்தில், இதோ இப்போது என்று காத்திருந்தவர். பல இரவுகள் துணையிருந்து சோர்ந்த உறவினர் அவருக்கு அருகில் அமர்ந்து, புறவழிச்சாலை ஏறுமுன்பே உறங்கிவிடுகிறார். பின்னிருக்கையில், தையல் பிரிக்கப்படாத நோயாளி சீட் பெல்ட் இல்லாமல் படுத்திருக்கிறார்.

இதில் மருத்துவமனையின் பங்கு இல்லை என்று எங்களால் சொல்ல முடியாது. நூறு கிலோமீட்டருக்கு அப்பாலிருந்து வந்தவர்களின் கணக்கை நண்பகலுக்குள் முடிக்க வேண்டும். முடியாவிட்டால் அன்றிரவு தங்க இடமும் ஓட்டுநருக்கு ஒரு கட்டிலும் தர வேண்டும் என்பது எங்கள் கருத்து. செலவாகும் என்பார்கள். அதே நோயாளி விபத்துப் பிரிவின் வழியாகத் திரும்பி வந்தால் ஆகும் செலவை யாரும் கணக்கில் எழுதுவதில்லை.

அது நடக்கும் வரை நீங்கள் கேளுங்கள். மாலை ஆகிவிட்டால், காலையில் போகிறோம் என்று சொல்லுங்கள். எந்த மருத்துவரும் கோபித்துக்கொள்ள மாட்டார். ஓட்டுநர் எப்போது தூங்கினார் என்று அவரிடமே கேளுங்கள். சளிக்கு மாத்திரை போட்டிருக்கிறாரா என்றும் கேளுங்கள். அவற்றுள் பல தூக்கம் தருபவை. அறுவைசிகிச்சை ஆனவரை இரண்டு மணி நேரத்துக்கு ஒருமுறை இறக்கி, முடிந்தவரை நடக்கவையுங்கள். காலில் இரத்தம் உறைவதைத் தவிர்க்க அது உதவும். வழியில் நல்ல கழிப்பறை கிடைக்காது என்று அம்மாக்கள் தண்ணீரே குடிக்காமல் வருவார்கள். அதை அவர்களாகச் சொல்ல மாட்டார்கள், நீங்கள்தான் கவனிக்க வேண்டும். பின்னிருக்கையிலும் பெல்ட் போடுங்கள். 2022 செப்டம்பரில் தொழிலதிபர் சைரஸ் மிஸ்திரி குஜராத்திலிருந்து மும்பைக்குத் திரும்பும் வழியில் இறந்தார். பெல்ட் அணியாமல் பின்னிருக்கையில் இருந்த இருவரும் மாண்டனர், முன்னிருக்கையினர் பிழைத்தனர். வயிற்றில் தையல் இருந்தால் இடுப்புப் பட்டையைத் தையலுக்குக் கீழே, இடுப்பெலும்பின்மேல் படியுமாறு போட்டு, இடையில் ஒரு மெல்லிய துண்டை மடித்து வைத்துக்கொள்ளலாம்.

அன்று காலை நாங்கள் வீடு சேர்ந்தபோது மணி 8. மாமனார் இறங்கியதும், “மாத்திரை போடட்டுமா, இட்லி வந்த பிறகு போடட்டுமா?” என்று கேட்டார். மகள் மட்டும் இரண்டு நாள் பேசவில்லை. இப்போதெல்லாம் காரில் முன்னிருக்கையில் அமர்பவள் அவள் அம்மாவாக இருந்தாலும், “அம்மா, நீங்கள் தூங்கக் கூடாது” என்று சொன்ன பிறகே பின்கதவைச் சாத்துகிறாள்.