களத்தைக் கண்டவர் யார்?

"கராச்சித் துறைமுகம் தரைமட்டம்!"

2025 மே 8 இரவு தொலைக்காட்சிகள் சில இப்படி முழங்கின. பாலக்கோட்டுத் தேநீர்க் கடைகளிலும் அந்த முழக்கம் கேட்டது. கேட்டுக் கைதட்டியவர்களும் உண்டு. பொழுது விடிந்தது. துறைமுகம் இருந்த இடத்திலேயே இருந்தது! தரைமட்டமானது துறைமுகமல்ல, செய்தியின் மானம்!

கைதட்டிய தோழர்களை நாம் குறைகூறவில்லை. ஒன்றே ஒன்று கேட்கிறோம். பாலக்கோடு மண்டிக்குத் தக்காளிக் கூடையோடு வருகிறாரே உழவர், அவர் தராசைப் பிடித்தவன் சொல்லும் எடையை அப்படியே ஏற்றுக்கொள்கிறாரா? இல்லை. எட்டிப் பார்க்கிறார், ஐயம் வந்தால் மறுபடி நிறுக்கச் சொல்கிறார். ஒரு கிலோ தக்காளிக்கே எட்டிப் பார்க்கிற நாம், ஆயிரம் உயிர்களின் சேதியில் மட்டும் கண்ணை மூடிக்கொள்ளலாமா? தராசைப் பிடித்தவன் சொல்வதுதான் எடையா?

போர்ச் செய்தியின் தராசை நெடுங்காலம் அரசர்களே பிடித்திருந்தார்கள். அவர்கள் அளித்த பரிசிலைப் பெற்ற புலவர்கள் பாடினார்கள். தோற்றவர் பெயரை நூலுக்குச் சூட்டி, வென்றவர் புகழை நூல் முழுதும் பாடுவது பரணி மரபு. சிப்பாயின் வீட்டில் எழுந்த ஒப்பாரியைப் பாட அரண்மனையில் ஆளில்லை.

அந்தத் தராசை எட்டிப் பார்க்க ஒருவர் போனார். அயர்லாந்தில் பிறந்த வில்லியம் ஹோவர்ட் ரஸ்ஸல், லண்டன் 'டைம்ஸ்' ஏட்டின் செய்தியாளர். 1854-இல் கிரிமியப் போர்முனைக்குச் சென்ற அவர் வெற்றி முரசு கொட்டவில்லை. கூடாரமின்றி, கம்பளியின்றி, மருந்தின்றி மடிந்த சிப்பாய்களைப் பற்றி எழுதினார். அந்தப் போரில் எதிரியின் குண்டுக்குப் பலியான ஆங்கிலச் சிப்பாய்களைவிட நோய்க்குப் பலியானவர்களே மிகுதி! ஏட்டைப் படித்த மக்கள் கொதித்தார்கள். 1855 தொடக்கத்தில் அபர்டீன் பிரபுவின் அமைச்சரவை கவிழ்ந்தது.

தளபதிகள் என்ன பாடம் கற்றார்கள்? சிப்பாய்க்குக் கம்பளி கொடுப்பதை மட்டுமல்ல, செய்தியாளருக்குக் கடிவாளம் போடுவதையும் கற்றார்கள். 1856 பிப்ரவரியில் போர்முனைச் செய்திக்குக் கட்டுப்பாடு விதித்து ஆணை பிறந்தது. அன்று தொடங்கிய இழுபறி இன்றும் ஓயவில்லை.

1914-இல் முதல் உலகப் போர். தொடக்கத்தில் செய்தியாளர்களுக்கு முனையிலே இடமில்லை. பின்னர் பொறுக்கி எடுத்த சிலரைப் பட்டாளமே அழைத்துச் சென்றது, தணிக்கையாளரையும் துணைக்கு அனுப்பி! 1916 ஜூலை 1, சோம் களம். ஒரே நாளில் 19,240 ஆங்கிலச் சிப்பாய்கள் செத்தார்கள். ஏடுகளோ "நன்னாள்" என்று மகிழ்ந்தன. மகனைப் பறிகொடுத்த தாய், வெற்றிச் செய்தியைப் படித்துக்கொண்டிருந்தாள். அந்தோ! அந்தச் செய்திகளை எழுதியவர்களில் ஒருவரான பீச் தாமஸ், தாம் எழுதியதை எண்ணி வெட்கப்படுவதாகப் பின்னாளில் ஒப்புக்கொண்டார். வெட்கம் வந்தது, செத்தவர் வரவில்லை.

வியட்நாமைப் பாருங்கள். 1968 மார்ச் 16 அன்று மை லாய் சிற்றூரில் அமெரிக்கப் படையினர் கிழவரையும் பெண்டிரையும் பச்சிளங் குழந்தைகளையும் நூற்றுக்கணக்கில் சுட்டுத் தள்ளினர். படைத்துறை சொன்னது என்ன? "எதிரிகள் 128 பேர் மாண்டனர்" என்று! ஏடுகளும் அதையே அச்சிட்டன. 1969 நவம்பரில் சீமோர் ஹெர்ஷ் என்ற செய்தியாளர் உண்மையை உடைக்கும்வரை, ஏறத்தாழ இருபது மாதங்கள், அது "வெற்றி"யாகவே இருந்தது.

தொலைவிலே நடந்த கதைகள் என்று சொல்வீர்களா? ஈழப் போருக்குத் தப்பி வந்தவர்களின் மறுவாழ்வு முகாம்கள் நம் தருமபுரி மாவட்டத்திலேயே இருக்கின்றன. அவர்கள் மண்ணிலே என்ன நடந்தது?

பி.பி.சி. தமிழோசைக்குச் செய்தி தந்த மயில்வாகனம் நிமலராஜன், 2000 அக்டோபர் 19 அன்று யாழ்ப்பாணத்தில், ஊரடங்கு நேரத்தில், தம் வீட்டிலேயே கொல்லப்பட்டார். 2005 ஏப்ரலில் 'தராக்கி' சிவராம் கொழும்பில் கடத்திக் கொல்லப்பட்டார். 2006 மே 2 அன்று யாழ்ப்பாணத்து 'உதயன்' அலுவலகத்தில் புகுந்து ஊழியர் இருவரைச் சுட்டுக் கொன்றார்கள். 2009 ஜனவரி 8 அன்று சிங்களவரான லசந்த விக்கிரமதுங்க கொல்லப்பட்டார். அவர் கொழும்பிலிருந்து வெளிவந்த ஆங்கில ஏட்டின் ஆசிரியர். உண்மையைச் சொன்னவனை மொழி காப்பாற்றவில்லை; இனமும் காப்பாற்றவில்லை.

2008 செப்டம்பரில் ஐ.நா. பணியாளர்களும் வன்னியை விட்டு வெளியேற்றப்பட்டனர். சுதந்திரமான செய்தியாளர் எவரும் உள்ளே இல்லை. சாட்சிகள் இல்லாத அந்தக் களத்தில்தான் முள்ளிவாய்க்கால் நடந்தது. குடிமக்கள் 40,000 பேர்வரை மாண்டிருக்கலாம் என்று 2011-இல் ஐ.நா. வல்லுநர் குழு கூறியது. அரசுப் படைமீது மட்டுமல்ல, மக்களைத் தடுத்து வைத்ததாகப் புலிகள்மீதும் அக்குழு குற்றம் சாட்டியது. நமக்கு உவப்பில்லாத வரி என்பதற்காக அதை மறைத்தால், நாமும் தராசில் விரலை வைத்தவர்கள் ஆவோம்.

"இலாயிரம்", "நாற்பதாயிரம்" என்று கணக்கு ஏன் இன்றும் தடுமாறுகிறது? எண்ணிச் சொல்ல எவரையும் விட்டுவைக்கவில்லை, அதனால்தான்! காசாவிலும் 2023 அக்டோபருக்குப் பிறகு அயல்நாட்டுச் செய்தியாளர்கள் தாமாக நுழையத் தடை போடப்பட்டது. உள்ளூரிலே எழுதியவர்கள் 200-க்கும் மேற்பட்டோர் மாண்டனர். கதவைச் சாத்து, விளக்கை அணை, பிறகு கத்தியை எடு! இதுதான் முறை.

படை நகரும் வழியை முன்கூட்டிச் சொல்லக் கூடாது என்பது நியாயம். சிப்பாயின் உயிர் அதில் இருக்கிறது. ஆனால் செத்தவர் எண்ணிக்கையை மறைப்பது எந்த உயிரைக் காக்க? அது நாற்காலியைக் காக்க!

ஆகவே தோழர்களே, படிப்பகத்திலே ஏட்டை விரிக்கும்போதும், கைப்பேசியில் சேதியைத் தள்ளிவிடும்போதும் மூன்று கேள்விகள் கேளுங்கள். சொன்னவர் யார்? அவர் நின்ற இடம் எது? அங்கே அவரை அழைத்துப் போனவர் யார்? நம் ஏட்டையும் சேர்த்தே கேளுங்கள், நாம் வருந்தமாட்டோம்.

விடை வரும்வரை கைதட்டல் காத்திருக்கட்டும். தராசை எட்டிப் பார்த்த பிறகே கூடையை இறக்குங்கள்!