சாஃப்ட் ஸ்கில்னா இங்கிலீஷா சாமி?

டிஸ்கி: இது இங்கிலீஷ் வேணாம்னு சொல்ற பதிவு இல்ல. கல்லெறிய வர்றவங்க முழுசா படிச்சிட்டு எறியுங்க :-)

சிறுசேரி சிப்காட்ல பொட்டி தட்டுற கூட்டத்துல நானும் ஒருத்தன். அப்பப்போ கேம்பஸ் இன்டர்வியூ எடுக்க அனுப்புவாங்க. போன தடவை ஒரு பையன். "டெல் மீ அபவுட் யுவர்செல்ஃப்"னதும் கடகடன்னு ஒப்பிச்சான். ஹார்ட் ஒர்க்கர், டீம் ப்ளேயர், குயிக் லேர்னர். அவனுக்கு முன்னாடி வந்த ஏழு பேரும் இதே வரிசைதான், மூச்சு விடுற இடம்கூட மாறல. ப்ராஜெக்ட் பத்தி கேட்டேன். உறைஞ்சு போயிட்டான்.

"பரவால்ல தம்பி, தமிழ்லயே சொல்லு"ன்னேன். ஊர்ல கிணத்து மோட்டாருக்கு சென்சார் வச்ச கதை. எங்க சொதப்பினான், அவங்க அப்பா சொன்னதைக் கேட்டு எதை மாத்தினான்... பத்து நிமிஷம். கேட்ட கேள்விக்கு மட்டும் பதில். தெரியாததுக்கு "தெரியல சார்". சாஃப்ட் ஸ்கில்னா இதுக்கு மேல என்னய்யா வேணும்?

படிவத்துல 'கம்யூனிகேஷன்'னு ஒரே ஒரு கட்டம். அதுல மார்க்கைக் குறைச்சது நான்தான். பையன் அவுட்.

அண்ணா பல்கலைக்கழகத்தோட 2013 பாடத்திட்டத்துல 'கம்யூனிகேஷன் அண்ட் சாஃப்ட் ஸ்கில்ஸ்'னு ஒரு லேப், வாரம் 4 மணி நேரம். 2017ல அது 'புரொஃபஷனல் கம்யூனிகேஷன்' ஆச்சு, 2 மணி நேரம். லேப்ல 30 பேர்னு வைங்க, தலைக்கு 4 நிமிஷம். 4 நிமிஷத்துல என்ன நடக்கும்? மனப்பாடம்தான் நடக்கும். அடுத்தவன் பேசறதை எவன் காது கொடுத்துக் கேக்கறான்னு பாக்க இங்கிலீஷ் வாத்தியாருக்கு ஏது நேரம்? பாவம், அவங்களைத் திட்டி பிரயோஜனம் இல்ல. இலக்கணமும் உச்சரிப்பும் தைரியமும் எல்லாத்தையும் ஒரே லேப்ல திணிச்சது யாரு?

குரூப் டிஸ்கஷனை முதல் வாரம் தமிழ்ல வைங்க. குறுக்க பேசாம கேக்கறது, மறுத்துப் பேசறதெல்லாம் அங்க பழகட்டும். அடுத்த வாரம் அதே தலைப்பு, இங்கிலீஷ்ல. யோசனை ஏற்கனவே கையில இருக்கு, வார்த்தையை மட்டும் தேடினா போதும்.

"கிளையண்ட் கிட்ட தமிழ்லயா பேசுவே?"ம்பாங்க. இல்ல சாமி. ஆனா பிசிறில்லாத இங்கிலீஷ்ல, முடியாத தேதிக்கெல்லாம் "ஷ்யூர்"னு தலையாட்டிட்டு எங்களை ராத்திரி உக்கார வச்ச மகராசனுங்களை நிறைய பாத்துட்டேன்.

அடுத்த மாசம் திரும்ப இன்டர்வியூ எடுக்கக் கூப்பிட்டிருக்காங்க. அந்தக் கட்டத்தை 'ஆங்கிலம்', 'விளக்கும் திறன்'னு ரெண்டாப் பிரிங்கன்னு ஹெச்.ஆருக்கு மெயில் போட்டிருக்கேன். பதில் இன்னும் வரல.