பத்தாம் வசனம் எங்கே?

எங்கள் வீட்டு ஃப்ரிட்ஜில் ஒரு வாக்குத்தத்த அட்டை ஒட்டியிருக்கிறது: எரேமியா 29:11. புது வருஷ ஆராதனையில் அம்மாவுக்குக் கிடைத்தது. தமிழ்க் கிறிஸ்தவ வீடுகளில் வேலை போனாலும் இந்த வசனம்தான், விசா கிடைக்காவிட்டாலும் இதுதான். கர்த்தரிடம் நல்ல திட்டம் இருக்கிறது, கவலைப்படாதே.

சரி, அதற்கு முந்தைய வசனத்தை யாராவது படித்தோமா? 70 வருஷம் ஆகும் என்கிறது அது. பாபிலோனுக்குச் சிறைபிடித்துக் கொண்டுபோகப்பட்டவர்களுக்கு எரேமியா எழுதிய கடிதம். அதைக் கேட்ட பெரியவர்களில் பலர் ஊர் திரும்பாமலே செத்திருப்பார்கள். அதுவரை என்ன செய்வது? வீடு கட்டுங்கள், தோட்டம் போடுங்கள், பிள்ளைகளுக்குக் கல்யாணம் பண்ணுங்கள், பிடித்துக்கொண்டுபோன அந்த ஊருக்காகவே ஜெபம் பண்ணுங்கள் என்கிறார். விசுவாச வாழ்க்கை என்றால் எனக்கு இதுதான். அட்டையில் இதற்கு இடமில்லை.

முந்தைய அதிகாரத்தில் அனனியா என்றொரு தீர்க்கதரிசி வருகிறார். 2 வருஷத்தில் எல்லாம் திரும்பி வந்துவிடும் என்கிறார். கூட்டத்துக்குப் பிடித்திருக்கும். (நானும் கிளையண்ட்டிடம் இப்படித் தேதி சொல்லியிருக்கிறேன்.) ஜனங்களைப் பொய்யை நம்ப வைக்கிறாய் என்று எரேமியா அவர் முகத்துக்கு நேரே சொல்லிவிடுகிறார். நம் ஊக்கமூட்டும் பிரசங்கங்களில் பாதி அனனியாவுடையவை.

என் டீமில் ஒருவரை வேலையைவிட்டு அனுப்பியபோது, இதே 29:11-ஐ வாட்ஸப்பில் அவருக்கு அனுப்பினேன். கைகூப்பும் எமோஜி வந்தது. அந்த மாத வாடகைக்கு என்ன செய்வீர்கள் என்று கேட்கவில்லை. அவர் ரெஸ்யூமேயை நாலு பேருக்கு அனுப்பியிருக்கலாம். பத்து நிமிஷ வேலை. அதையும் செய்யவில்லை. எட்டு மாதம் கழித்து அவருக்கு வேலை கிடைத்ததை லிங்க்ட்இன்னில் பார்த்துத்தான் தெரிந்துகொண்டேன்.