நிழல் வேறு, ஆழம் வேறு

பத்மநாபபுரம் அரண்மனையின் பூமுகம் எனும் முகப்பு மண்டபத்தில் நுழைகிறவர் சற்றே அண்ணாந்து பார்த்தால், மேல்தளத்து மரத்தில் 90 விதமான பூக்கள், ஒன்றின் சாயல் மற்றொன்றில் படியாதவாறு செதுக்கப்பட்டிருப்பதைக் காணலாம். தமிழ்நாட்டு மண்ணில் நின்றும் கேரளத் தொல்லியல் துறையின் பராமரிப்பில் இருந்துவரும் அந்த மாளிகையில், ஓர் இதழின் விளிம்பு எங்கே எழும்ப வேண்டும், எங்கே தாழ வேண்டும் என்று நிச்சயித்த ஆசாரி நிழலைத் தனியே தீட்டவில்லை. ஆழத்தை மட்டும் அமைத்தார், வெளியிலிருந்து வந்த வெளிச்சம் நிழலைத் தானே போட்டுக்கொண்டது.

அந்த மாளிகையைச் சூழ்ந்த கோட்டை மதிலுக்குச் சற்றுத் தொலைவில், எனக்குப் பழக்கமான ஆசாரிக் குடும்பத்து இளைஞர் ஒருவர், மேசைமேல் அடங்கிவிடும் கணினி வழிநடத்தும் சிறிய சி.என்.சி. ரூட்டர் யந்திரம் ஒன்றை வைத்துக்கொண்டு, காலஞ்சென்ற பெற்றோரின் புகைப்படங்களை மரத்திலும் அக்ரிலிக்கிலும் பொறித்துத் தருகிறார். தொடக்கத்தில் அவர், படத்தில் கறுத்த இடமெல்லாம் பள்ளம், வெளுத்த இடமெல்லாம் மேடு என்று யந்திரத்துக்குக் கட்டளையிட்டிருக்கிறார். வந்த உருவத்தில் கண்மணிகள் இரு கிணறுகளாயின. கருங்கூந்தல் நெற்றியைவிடத் தாழ்ந்த அகழியாயிற்று. அருகிலிருந்து பார்த்த அவருடைய பெரியப்பா, “படத்துல கறுப்பா இருந்தா அங்க குழியா இருக்கும்னு யாருடே சொன்னது?” என்று கேட்டாராம். இக்கலையின் சூட்சுமம் முழுவதும் அந்த ஒரு கேள்விக்குள் அடங்கியிருக்கிறது என்றே நான் கருதுகிறேன். புகைப்படம் அறிந்தது ஒளியை மட்டுமே. மூக்கு எவ்வளவு எடுப்பாக இருந்தது என்பதை அது அறியாது. ஆகவே யந்திரத்தைச் சிற்பியாக்க முயல்வது வீண் பிரயத்தனம். அதைக் கோடு போடுகிறவனாக வைத்துக்கொள்வதே உசிதம்.

கோட்டின் வலிமையை ஐரோப்பா வெகுகாலம் முன்பே கண்டிருக்கிறது. 1649-இல் க்ளோத் மெல்லான் என்ற பிரெஞ்சுச் செதுக்கோவியர், கிறிஸ்துவின் திருமுகத்தை மூக்கின் நுனியில் தொடங்கி வட்டமிட்டு விரியும் ஒரே கோட்டால் செப்புத் தகட்டில் பொறித்தார். கறுக்க வேண்டிய இடத்தில் கோடு தடித்தது, வெளுக்க வேண்டிய இடத்தில் மெலிந்தது, வேறு உபாயம் எதுவும் அதில் இல்லை. இன்றைய யந்திரத்தின் ‘வி’ வடிவ வெட்டுமுனையும் இதே காரியத்தைத்தான் செய்கிறது. 60 பாகை முனை 0.7 மி.மீ. இறங்கினால் ஏறக்குறைய 0.8 மி.மீ. அகலமுள்ள கோடு விழும். பாதி இறங்கினால் பாதி அகலம். ஆழம் இங்கே ஆழத்துக்காக அன்று, அகலத்துக்காகவே. பலகையின் மேல் முதலில் கறுப்பு வண்ணம் பூசி உலரவிட்டு, ஒளி வேண்டிய இடத்தில் அகலமாகவும் இருள் வேண்டிய இடத்தில் மயிரிழையாகவும் கீறிச் சென்றால், உள்ளிருக்கும் வெளிர்மரம் முகமாக எழுந்து வருகிறது.

இதனால் இரண்டு நிர்ப்பந்தங்கள் உண்டாகின்றன. முழு வீச்சும் 0.7 மி.மீ. தான் என்னும்போது, பலகை 0.3 மி.மீ. வளைந்திருந்தாலும் முகத்தின் ஒரு பாதி வெளிறிப்போகும். ஆதலால் படம் பொறிக்குமுன் பலகையின் முகத்தை அதே யந்திரத்தால் சீவிச் சமன்செய்தல் அவசியம். மரத் தேர்வு மற்றொன்று. தேக்கின் அழுத்தமான ரேகைகள் கதவுக்கு அழகு, கன்னத்துக்குக் கேடு. பத்மநாபபுரம் அமைந்த நம் மாவட்டத்தில் தோட்டம் தோட்டமாக வளர்ந்து, பால் வற்றியதும் வெட்டப்படும் ரப்பர் மரமோ வெளிர்நிறத்தது, ரேகை அடங்கியது. பூஞ்சணமும் துளைப்பூச்சியும் அணுகாதபடி போரான் மருந்தேற்றிப் பதப்படுத்திவிட்டால், இவ்வேலைக்கு அதைவிட உகந்த பலகை பக்கத்திலேயே கிடைப்பது அரிது. விறகுக்கும் பெட்டிக்கும் போகும் அம்மரத்துக்கு இந்தக் கௌரவம் கிடைக்க வேண்டும் என்பது என் மனப்பூர்வமான விருப்பம்.

அக்ரிலிக்கின் இயல்பு வேறு. அச்சில் வார்த்த தகடு தூளாக உதிரும். பிதுக்கித் தயாரித்த மலிவான தகடோ சூட்டில் இளகி வெட்டுமுனையிலேயே ஒட்டிக்கொள்ளும். தகட்டின் பின்புறத்தில் படத்தை இடவலமாகத் திருப்பிப் பொறித்து, விளிம்பிலே எல்.இ.டி. விளக்கை வைத்தால், தகட்டுக்குள்ளேயே பிரதிபலித்து ஓடும் வெளிச்சம் கீறல் உள்ள இடத்தில் மாத்திரம் வெளியேறி ஒளிர்கிறது. பத்மநாபபுரம் அரண்மனையின் மந்திரசாலை எனும் ஆலோசனை மண்டபச் சாளரங்களில் வண்ண அபிரகம் பதித்து வெயிலைப் பதப்படுத்தி உள்ளே விட்டவர்களுக்கு இந்த வித்தை அந்நியமாகத் தோன்றியிராது.

படம் பொறிக்கக் கொடுப்பவர்களுக்கு ஒரு வேண்டுகோள். சுவரில் மாட்டிய கண்ணாடிச் சட்டத்தை அப்படியே கைப்பேசியால் எடுத்து அனுப்பாதீர்கள். சட்டத்தைக் கழற்றி, மூலப்படத்தை ஸ்கேன் செய்து கொடுங்கள். கண்ணாடியில் விழுந்த டியூப்லைட்டின் பளபளப்பையும் உங்கள் தாயாரின் நெற்றியில் ஓர் அங்கமென்றே எண்ணி, யந்திரம் அதை ஆழமாக வெட்டிவிடும்.