சிவப்புக் கேடயமும் லயத்து இலக்கமும்

கம்பளையிலிருந்து நுவரெலியா செல்லும் பாதையில், புசல்லாவையை அண்டிக் கிடப்பது ரொத்சைல்ட் தோட்டம். அதன் பெயரைப் பற்றி நம்மிடையே இரு கருத்துகள் வழங்கி வருகின்றன. உலகப் புகழ் வாய்ந்த செல்வக் குடும்பமொன்றின் பெயர் நம் மலைக்கு வாய்த்தது பெருமை என்பர் ஒரு சாரார். அந்நியன் பெயரைப் பிடுங்கி எறிந்து நல்ல தமிழ்ப் பெயர் சூட்டுக என்பர் மற்றொரு சாரார். இரு சாராரும் பெயர்ப்பலகையை அண்ணாந்து பார்க்கின்றனரேயன்றி, அதன் கீழே கிடக்கும் லயங்களைப் பார்க்கின்றாரில்லை.

பெருமை பேசுவோர் முதலில் வரலாற்றை அறிதல் நன்று. அத்தோட்டத்தைத் திறந்தவர்களின் குடும்பப்பெயர் ரொத்சைல்ட் அன்று, வோர்ம்ஸ். ஜேர்மனியின் பிராங்பேர்ட் நகர யூதக் குடும்பத்தில் தோன்றிய மொரிஸ், கேப்ரியல் என்னும் சகோதரர்கள் அவர்கள். அவர்களின் தாய், வங்கித் தொழிலால் உயர்ந்த மேயர் அம்ஷெல் ரொத்சைல்டின் மகள். தாய்வழிப் பெயரையே தோட்டத்துக்கு இட்டனர். 1841 அளவில் மொரிஸ் சீனத் தேயிலை நாற்றுகளை அங்கு நட்டார். ஜேம்ஸ் டெய்லர் லூல்கந்துரையில் தேயிலையைத் தொழிலாக்கியது 1867இலேதான். ஆயினும் சகோதரர்களின் வருவாய் கோப்பியிலேயே இருந்தது. 1860களில் தோட்டங்களை விற்றுவிட்டு அவர்கள் புறப்பட்டனர். பெயர் மட்டும் புறப்படவில்லை.

அப்பெயர் பிறந்த இடம் எது? மாளிகையன்று, அடைபட்ட ஒரு தெரு. பிராங்பேர்ட்டின் யூதர்கள் ஒற்றைத் தெருவொன்றில் ஒடுக்கி வைக்கப்பட்டிருந்தனர். இரவிலும் ஞாயிற்றுக்கிழமைகளிலும் அத்தெருவின் வாயில்கள் பூட்டப்பட்டன. வீடுகளை அவற்றின் அடையாளச் சின்னங்களைக் கொண்டே அறிந்தனர். சிவப்புக் கேடயம் குறித்த வீட்டில் பதினாறாம் நூற்றாண்டில் வாழ்ந்தவரின் வழியினர், வேறு வீட்டுக்குப் போன பின்னரும் ரொத்சைல்ட் என்றே வழங்கினர். அச்சொல்லின் பொருளே சிவப்புக் கேடயம் என்பதுதான். மேயர் அம்ஷெல் பின்னாளில் வாங்கிக் குடியேறியது பச்சைக் கேடயம் என்னும் வீட்டில் என்பது சுவையான செய்தி. வோர்ம்ஸ் என்பதும் ரைன் நதிக்கரை நகரொன்றின் பெயரே. இடம் மனிதனுக்குப் பெயராகி, மனிதன் பெயர் மீண்டும் கடல் கடந்து இடத்துக்குப் பெயராகியிருக்கின்றது.

இங்குதான் என் மனம் கொதிக்கின்றது. பூட்டிய தெருவில் பிறந்த பெயர், தன்னைச் சுமந்தவர்களோடு வெளியேறி உலகைச் சுற்றி வந்து, மற்றொரு கூட்டம் வரிசை வரிசையாக அடைபட்டுக் கிடந்த லயங்களின் மேல் உரிமையாளர் முத்திரையாய் அமர்ந்தது. அத்தெருவின் மக்களுக்கு அடையாளமாக வீட்டுச் சின்னமாவது இருந்தது. நம்மவருக்கு இருந்ததோ செக்ரோலில் ஓர் இலக்கம்; பெரட்டுக்களத்தில் ஓர் அதட்டல்.

நம்மவரிடம் குடும்பப்பெயர் இல்லாமை குறையன்று. தந்தையின் பெயரே முதலெழுத்தாய் நம்முடன் வருகின்றது. ஆனால் 1948ஆம் ஆண்டின் 18ஆம் இலக்கக் குடியுரிமைச் சட்டம் அந்தத் தந்தை இந்நாட்டில் பிறந்தமைக்குச் சான்று கேட்டது. இன்றேல் பாட்டனும் முப்பாட்டனும் பிறந்தமைக்குக் கேட்டது. காட்டை வெட்டி மலையைத் தோட்டமாக்கியவனின் பிறப்பை எவர் பதிந்து வைத்திருந்தார்? விற்றுவிட்டுப் போனவர்களின் தாய்வழிப் பெயருக்கு நிலப்படமே சான்று. தலைமுறை தலைமுறையாய் அங்கேயே மடிந்தவனுக்கு ஒரு துண்டுக் காகிதமும் இல்லை. எஞ்சிய நாடற்றோருக்குக் குடியுரிமை வழங்க 2003ஆம் ஆண்டில் மேலுமொரு சட்டம் வேண்டியதாயிற்று.

பெயர் மாற்றம் கோரும் நண்பர்களுக்கு ஒரு சொல். 1972இலும் 1975இலும் நிலச் சீர்திருத்தம் வந்து தோட்டங்கள் அரசுடைமையாயின. 1992இல் நிருவாகம் மீண்டும் தனியாரிடம் சென்றது. துரையின் இடத்தில் கூட்டுத்தாபனமும், பின்னர் கம்பனியும் வந்தன. லயத்துக் காம்பரா அதே காம்பராவாகவே நின்றது. பலகையில் நாளை செந்தமிழ்ப் பெயரொன்று எழுதப்படினும் அக்காம்பராவின் சுவர் ஓர் அடியும் விலகாது. தவிரவும், மக்கள் எவரையும் கேளாமலே பெயரிட்டு விட்டனர். ஹற்றன் அவர்கள் வாயில் அட்டனாயிற்று. மேற்கணக்கு, பணியக்கணக்கு என்று பிரிவுகளுக்கும், கோயிலாலும் கங்காணியாலும் கல்லாலும் மலைகளுக்கும் அவர்கள் இட்ட பெயர்கள் எந்த அரசாங்கப் படத்திலும் ஏறாதவை. அவற்றை விட்டுவிட்டு மேடையில் புதுப்பெயர் தேடுவது தமிழ்ப்பற்றாகாது.

வேண்டுவது வேறு. தோட்டத்தின் பெயரே முகவரியின் முடிவாக இருக்குமிடத்தில், கடிதம் வீட்டுக்கு வருவதில்லை. தோட்டத்து அலுவலகத்துக்கு வருகின்றது. என் உறவுக்காரப் பெண்ணொருத்தியின் நேர்முகத் தேர்வுக் கடிதம், தேர்வு முடிந்து நான்கு நாள் கழித்தே அவள் கைக்கு வந்தது. அக்கடிதத்தில் தோட்டத்தின் பெயர் எவ்விதப் பிழையுமின்றி எழுதப்பட்டிருந்தது!

ஆகவே ஒவ்வொரு வாயிலுக்கும் இலக்கமும், ஒவ்வொரு லயத்துப் பாதைக்கும் அங்கு வாழ்வோர் வழங்கும் பெயரும், அவ்வாயில்வரை வரும் தபாற்காரரும் வேண்டும். இதற்கான முதல் வேலை நம்முடையது. வரும் விடுமுறையில் ஊருக்குப் போகும் சங்க உறுப்பினர் ஒவ்வொருவரும் தத்தம் தோட்டத்தின் கணக்குகள், மலைகள், லயங்கள், பீலிக்கரைகள் ஆகியவற்றின் வாய்மொழிப் பெயர்களை முதியோரிடம் கேட்டு எழுதி வருக. அட்டவணையாக்கி, பிரதேச சபைகளுக்கும் தபால் திணைக்களத்துக்கும் சங்கத்தின் பெயரிலேயே அனுப்புவோம். ரொத்சைல்ட் என்னும் பெயர் முகவரியின் கடைசி வரியில் இருந்துவிட்டுப் போகட்டும். மேலே எழுத மூன்று வரி இடம் இருக்கின்றது.