தேக்காவில் கற்ற பாடம்



மகள் குடும்பம் சிங்கப்பூரில் இருப்பதால், பொங்கல் கழிந்து பதினைந்து நாள் அங்கே தங்கி வந்தோம். கோவையில் விமானம் ஏறினால் சுமார் நாலரை மணி நேரத்தில் இறங்கிவிடலாம். வானளாவிய கட்டடங்களையெல்லாம் மருமகன் ஒரே நாளில் காட்டி முடித்துவிட்டார். மிச்ச நாளெல்லாம் சிராங்கூன் சாலையில்தான் கழிந்தது. நாற்பது வருடம் மண்டியில் உட்கார்ந்த நமக்குக் கால் வேறெங்கே போகும்?

அந்தப் பகுதியை லிட்டில் இந்தியா என்கிறார்கள். நம் ஜனங்களின் வாயில் அது தேக்கா. பத்தொன்பதாம் நூற்றாண்டில் மாட்டு வியாபாரம் கொழித்த இடம். இன்றும் அங்கே பஃபலோ ரோடு, கெர்பாவ் ரோடு என்று இரண்டு தெருக்கள் உண்டு. கெர்பாவ் என்றால் மலாய் மொழியில் எருமை. நமக்குப் புளியம்பட்டிச் சந்தை நினைவுக்கு வந்தது. மாடுகள் போய்விட்டன. மளிகை, பூ, நகை, ஜவுளி எல்லாம் நிலைத்துவிட்டன. 1989இல் அரசு அதைப் பாதுகாக்கப்பட்ட பகுதியாக அறிவித்ததால் பழைய கடை வீடுகள் இடிபடாமல் தப்பின.

தேக்கா என்பதே சீனச் சொல்தான். மூங்கில் புதரின் அடி என்று பொருளாம். 1915இல் கட்டிய பழைய சந்தையை 1982இல் இடித்துவிட்டுப் புதுக் கட்டடம் எழுப்பி, அதற்கு வேறு பெயர் வைத்தார்கள். ஜனங்கள் தேக்கா என்று சொல்வதை விடவில்லை. 2000இல் அந்தப் பெயரையே திரும்ப வைத்துவிட்டார்கள். வாடிக்கையாளர் வைத்த பெயருக்கு இருக்கும் பலத்தைப் பாருங்கள்.

அந்தச் சந்தையில் ஒரு சீன மூதாட்டி முருங்கைக்காய் விற்றுக்கொண்டிருந்தார். நம்மைக் கண்டதும், "கருவேப்பிலை வேணுமா?" என்று தமிழில் கேட்டார். அசந்து போனோம். ஞாயிற்றுக்கிழமை மாலையில் போனால் நிற்க இடமில்லை. தமிழ்நாட்டிலிருந்தும் வங்கதேசத்திலிருந்தும் கட்டட வேலைக்கு வந்த பிள்ளைகள் ஆயிரக்கணக்கில் கூடுகிறார்கள். அவர்களுக்கென்றே வங்காள எழுத்தில் பெயர்ப்பலகை வைத்த கடைகளைப் பார்த்தோம். 1970களில் சிறிய துணிக்கடையாகத் தொடங்கிய முஸ்தபா, 1995இல் பேரங்காடியாக எழுந்ததும் இதே வட்டாரத்தில்தான்.

இதையெல்லாம் பார்த்தபோது நமக்குச் சந்தோஷத்தைவிட வெட்கமே அதிகம் வந்தது. காரணத்தை மறைக்காமல் சொல்கிறோம்.

சென்ற வருடம் ஒரு ஞாயிற்றுக்கிழமை, நூல் மில்லில் வேலை பார்க்கும் ஒடிசா பையன் ஒருவன் நம் கடைக்கு வந்து கடுகு எண்ணெய் கேட்டான். பாஷை புரியாமல் கடைப்பையன், "அதெல்லாம் இல்லை, போ போ" என்று கையை வீசினான். கல்லாவில் இருந்த நாம் வாய் திறக்கவில்லை. அந்தப் பையன் தலையைக் குனிந்துகொண்டு போனான். தேக்காவில் நம் ஊர்ப் பிள்ளைகள் மரியாதையாகச் சாமான் வாங்குவதைப் பார்த்தபோது அவன் முகம்தான் கண்முன் நின்றது.

அன்னூரைச் சுற்றியுள்ள மில்களில் இன்று வடமாநிலத்தார் எத்தனை பேர் என்று நாம் அனைவரும் அறிவோம். அவர்களும் தினம் உண்கிறார்கள். ஆனால் கடுகு எண்ணெய், மைசூர்ப் பருப்பு, அவல், அவர்கள் சத்து என்று சொல்லும் வறுகடலை மாவு இவற்றை நம்மில் எத்தனை கடையில் வைத்திருக்கிறோம்? நாம் விரட்டியவர்கள் கோவைக்குப் பஸ் ஏறுகிறார்கள். இல்லையென்றால் கைப்பேசியில் பட்டனை அமுக்கி வரவழைக்கிறார்கள். பிறகு, "ஆன்லைன் வந்து நம்மைக் கெடுத்துவிட்டது" என்று கூட்டத்தில் பேசுகிறோம்.

"இன்றைக்கு இருப்பான், நாளைக்கு ஓடிவிடுவான், அவனை நம்பிச் சரக்குப் போடலாமுங்களா?" என்று நண்பர்கள் கேட்கிறார்கள். அவர்கள் கடன் கேட்பதில்லையே! ரொக்கம் கொடுக்கிறார்கள், அல்லது கைப்பேசியில் பணம் அனுப்புகிறார்கள். வருடக்கணக்கில் நோட்டில் நிற்கும் உள்ளூர்ப் பாக்கியை எண்ணிப் பார்த்துவிட்டுச் சொல்லுங்கள்.

கூட்டம் சேர்ந்தால் வம்பு வரும் என்பவர்களும் உண்டு. தேக்காவிலும் வந்தது. 2013 டிசம்பர் 8 இரவு பஸ் மோதி ஒரு தமிழ்த் தொழிலாளி இறந்தார். அதைத் தொடர்ந்து கலவரம் மூண்டது. அரசு மது விற்பனைக்குக் கட்டுப்பாடு போட்டது. ஆனாலும் இன்றும் ஞாயிறு தோறும் தொழிலாளர் வருகிறார்கள், கடைகளும் அவர்களுக்காகத் திறந்திருக்கின்றன. அங்குள்ள லிஷா என்ற வணிகர் சங்கம் தீபாவளிக்கும் பொங்கலுக்கும் வீதி முழுக்க ஒளியேற்றி விழா எடுக்கிறது.

நம் கோரிக்கை பெரிதல்ல. மொத்த வியாபாரிகளாகிய நாம் அந்தச் சரக்கை ஒன்று சேர்ந்து கொள்முதல் செய்து, சில்லறைக் கடைகளுக்குச் சிறு பொட்டலமாகக் கொடுக்கலாம். முதல் மாதம் ஒரு பெட்டி எண்ணெய், ஒரு மூட்டை பருப்பு போதும், போனால் பார்த்துக்கொள்ளலாம். ஐம்பது சாமான்களின் இந்திப் பெயரையும் விலையையும் அச்சடித்த அட்டை ஒன்றைச் சங்கம் கடைதோறும் தரலாம். நம் மண்டியில் கடுகு எண்ணெய் வந்து இறங்கிவிட்டது. கடைப்பையனுக்கு, "வாங்க, உட்காருங்க" என்பதை இந்தியில் சொல்லக் கற்றுக்கொடுத்திருக்கிறோம்.

ஒரு காலத்தில் கப்பலேறிப் போன நம்மவரின் ருசிக்குத் தேக்கா கடை திறந்தது. நம் ஊருக்குப் பிழைக்க வந்தவனுக்கு நாமும் கதவைத் திறப்போம். தர்மமும் அதுதான், வியாபாரமும் அதுதான்.